கோடைச் சமையலறையில் கொம்புச்சா: நாளை எண்ணாமல் புளிப்பை அளந்து செய்த முறை

சர்க்கரைத் தேநீரைப் புளிக்கவைத்துச் செய்யும் பானமான கொம்புச்சாவைச் செய்யச் சொல்லித்தரும் குறிப்புகளில் பெரும்பாலானவை, உறை ஊற்றிய தேநீரை ஏழு நாள் முதல் பதினான்கு நாள் வரை புளிக்கவிட வேண்டும் என்று கூறுகின்றன. அந்தக் கணக்கு 21 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் நிலவும் குளிர்நாட்டுச் சமையலறைகளுக்குப் பொருந்தும். திருச்சியில் சித்திரை மாதத்தில் எங்கள் சமையலறை இரவு பத்து மணிக்கும் 33 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை; அந்த வெப்பத்தில் இரண்டு வாரம் விட்டுவைத்தால் ஜாடியில் கிடைப்பது பானமாக இராது, காடி என்னும் வினிகராகவே இருக்கும். மார்கழியிலோ அதே ஜாடி, அதே தேயிலை, அதே சர்க்கரை அளவோடு மெல்ல நடக்கிறது. ஆகவே நாட்களை எண்ணுவதை விட்டுவிட்டு, புளிப்பை அன்றாடம் அளந்து, நிறுத்த வேண்டிய இடத்தை அந்த அளவைக் கொண்டே தீர்மானிக்கும் முறைக்கு வந்து சேர்ந்தேன். வெயில் மிகுந்த ஊர்களில் இதைச் செய்ய விரும்புவோருக்குப் பயன்படும் என்பதால் அந்த முறையைக் காரணங்களோடு எழுதிவைக்கிறேன்.

ஜாடிக்குள் நடப்பது என்ன என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அளப்பதற்குப் பொருள் உண்டு. சர்க்கரை கலந்த தேநீருக்குள் ஈஸ்ட்டுகளும் அசிட்டிக் அமிலப் பாக்டீரியாக்களும் ஒன்றாக வாழ்கின்றன. ஈஸ்ட், தான் சுரக்கும் இன்வெர்டேஸ் என்னும் நொதியைக் கொண்டு சர்க்கரையைக் குளுக்கோஸ், பிரக்டோஸ் என இரண்டாக உடைத்து உண்டு, ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகிறது. அந்த ஆல்கஹாலைப் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனின் உதவியால் அசிட்டிக் அமிலமாக மாற்றுகின்றன. குளுக்கோஸில் ஒரு பகுதி அவற்றால் குளுக்கோனிக் அமிலமாகிறது. மேற்பரப்பில் வெண்மையாகவும் வழுவழுப்பாகவும் படரும் தோல், கொமகடேய்பேக்டர் சைலினஸ் முதலான பாக்டீரியாக்கள் உண்டாக்கும் செல்லுலோஸ் ஆகும். அதைத்தான் ஸ்கோபி என்கிறார்கள்.

அந்தத் தோலைத்தான் பலரும் தேடி அலைகிறார்கள். உண்மையில் தேவைப்படுவது அது மிதந்துகொண்டிருந்த புளித்த தேநீர்தான். பாலைத் தயிராக்குவதற்கு ஆடை தேவையில்லை, ஒரு கரண்டி உறைமோர் போதும் என்பதைப் போன்றதே இதுவும். நன்கு புளித்த, வடிகட்டாத, சூடுபடுத்தாத தேநீர் 200 மில்லி கிடைத்தால் தோல் இல்லாமலேயே தொடங்கிவிடலாம். இரண்டு மூன்று முறை உறை ஊற்றுவதற்குள் புதுத் தோல் தானாகவே படிந்துவிடும். தோல் மட்டும் கையில் இருந்து புளித்த நீர் போதாமல் போனால், தொடக்கத்திலேயே அமிலம் குறைந்து பூஞ்சைக்கு இடமளிக்கும். எனக்கு உறை கொடுத்த பக்கத்துக் குடியிருப்பு அம்மா, தோலைச் சிறு துண்டாக வெட்டிக் கொடுத்துவிட்டு, நீரை மட்டும் ஒரு பாட்டில் நிறைய ஊற்றித் தந்தார். அவர் அனுபவசாலி என்பதற்கு அதுவே சான்று.

பாத்திரம், தண்ணீர், தேயிலை

பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும் என்பதால் வாய் அகன்ற கண்ணாடி ஜாடியே ஏற்றது. மூன்று லிட்டர் கொள்ளளவுள்ள ஜாடியில் இரண்டு லிட்டர் தேநீர் ஊற்றுகிறேன். பித்தளை, செம்பு, அலுமினியப் பாத்திரங்களை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. அமிலம் அவற்றை அரித்து உலோகத்தைப் பானத்தில் இறக்கிவிடும். எவர்சில்வர் கரண்டியால் கலக்குவதில் தீங்கு இல்லை. ஊறுகாய் போடும் பழைய பீங்கான் ஜாடி வீட்டில் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. அதன் பளபளப்புப் பூச்சில் ஈயம் கலந்திருக்கிறதா என்பதைக் கண்ணால் அறிய முடியாது. பீங்கான் பானையில் மாதக்கணக்கில் கொம்புச்சா செய்து குடித்தவர்களுக்கு ஈய நச்சு ஏறியதை ஆஸ்திரேலிய மருத்துவர்கள் 1998ஆம் ஆண்டில் பதிவு செய்திருக்கிறார்கள். கண்ணாடி மலிவாகக் கிடைக்கும் இந்நாளில் அந்த ஆபத்தை விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

தண்ணீரைப் பொறுத்தவரை குளோரின் வாடை அடிக்கும் குழாய் நீரைக் கொதிக்கவைத்தால் அது பெரும்பாலும் நீங்கிவிடும். போர் தண்ணீர்தான் அதிகம் தொல்லை தருகிறது. அதில் கரைந்திருக்கும் கார்பனேட் உப்புகள், உண்டாகும் அமிலத்தை உடனுக்குடன் ஈடுகட்டிவிடுவதால் புளிப்பு ஏறத் தாமதமாகிறது. புளிப்பு ஏறாத முதல் இரண்டு நாட்கள்தான் பூஞ்சை பிடிக்க வாய்ப்பான நாட்கள். குடிப்பதற்காக வடிகட்டிய நீரையே நான் பயன்படுத்துகிறேன்.

தேயிலையில் நீலகிரி இலைத்தேயிலை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கடையில் நாம் வழக்கமாக வாங்கும் தூள், பால் தேநீருக்காகவே அரைக்கப்படுவது. அதில் கறையும் துவர்ப்பும் விரைவாக இறங்கும், வடிகட்டிய பிறகும் ஜாடியின் அடியில் மண்டி தங்கும். தூள்தான் கையில் இருக்கிறது என்றால் இலைத்தேயிலையின் அளவில் மூன்றில் இரண்டு பங்கு போதும். ஏலக்காய், கிராம்பு கலந்த மசாலாத் தேயிலையையும் வாசனை எண்ணெய் சேர்த்த தேயிலையையும், ஜாடியில் புளிக்கும் முதல் கட்டத்தில் தவிர்க்க வேண்டும். அவற்றின் எண்ணெய் நுண்ணுயிரிகளைத் தளர்த்திவிடும். சர்க்கரையில் சாதாரண வெள்ளைச் சர்க்கரையே நிலையாக நடக்கிறது. நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் உடலுக்கு நல்லவை என்று அவற்றை முதல் கட்டத்திலேயே போட ஆசைப்படுவோர் உண்டு. அவற்றில் உள்ள தாதுக்களும் மற்றப் பொருட்களும் ஈஸ்ட்டை விரைவுபடுத்தி, பானத்துக்கு ஒரு கள் வாடையைக் கொண்டுவருகின்றன. கருப்பட்டியைப் பாட்டிலில் அடைக்கும் இரண்டாம் கட்டத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது.

உறை ஊற்றும் நாள்

இரண்டு லிட்டருக்கு நான் எடுத்துக்கொள்ளும் அளவு இது: இலைத்தேயிலை 12 கிராம், சர்க்கரை 140 கிராம், புளித்த உறைத் தேநீர் 200 முதல் 300 மில்லி. அரை லிட்டர் நீரைக் கொதிக்கவைத்து இறக்கி, தேயிலையைப் போட்டுப் பத்து நிமிடம் மூடிவைத்து, வடிகட்டி, சூடாக இருக்கும்போதே சர்க்கரையைக் கரைத்துவிடுகிறேன். பிறகு முன்னரே கொதிக்கவைத்து ஆறவைத்த நீரை அதில் சேர்த்தால், மணிக்கணக்கில் காத்திருக்காமலேயே தேநீர் வெதுவெதுப்புக்கு வந்துவிடும். ஜாடியின் வெளிப்புறத்தைத் தொட்டால் சூடு தெரியக்கூடாது; 30 டிகிரிக்குப் பக்கத்தில் வந்த பிறகே உறையை ஊற்றலாம். சூடான தேநீரில் ஊற்றினால் உறையிலுள்ள உயிர்கள் அழிந்துவிடும், மிஞ்சுவது வெறும் சர்க்கரை நீர்.

உறை ஊற்றிக் கலக்கியவுடன் முதல் அளவை எடுக்கிறேன். அமிலம் கூடக் கூடக் குறையும் எண்ணான பி.எச். 4.5க்கு மேல் இருந்தால் இன்னும் கொஞ்சம் உறைத் தேநீரைச் சேர்த்து அதைக் கீழே இறக்குவது கட்டாயம். பத்தில் ஒரு பங்கு நல்ல உறை சேர்ந்திருந்தால், அளவு பெரும்பாலும் 4ஐ ஒட்டியே நிற்கும். மழைக்காலத்தில், காற்றில் பூஞ்சை வித்துகள் நிறைந்திருக்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், உறையை 300 மில்லியாக உயர்த்திக்கொள்கிறேன். இந்த ஒரு முன்னெச்சரிக்கைக்கு ஈடாக வேறெதையும் சொல்ல முடியாது.

ஜாடியின் வாயைப் பழைய வெள்ளை வேட்டித் துணியை இரண்டாக மடித்துக் கட்டி மூடுகிறேன். கொசுவலைத் துணியின் கண்கள் வழியே பழ ஈக்கள் எளிதாக நுழைந்துவிடும். எறும்புக்காக, நீர் ஊற்றிய தட்டின் நடுவே ஜாடியை வைப்பது நம் வீடுகளுக்குப் பழக்கமான ஏற்பாடு. அடுப்புக்கு அருகிலும் பழக்கூடைக்கு அருகிலும் ஜாடி இருக்கக் கூடாது. தாளிக்கும் எண்ணெய்ப் புகை துணியில் படியும். பழுத்த பழமோ ஈயையும் பூஞ்சையையும் சேர்த்து அழைக்கும். ஊறுகாய் எடுத்த கையோடு துணியைத் திறக்கக் கூடாது என்பதை வீட்டிலுள்ள எல்லாருக்கும் சொல்லிவைத்திருக்கிறேன்.

அளப்பது

பி.எச். தாள் மலிவானது, ஆனால் 1 முதல் 14 வரை ஒரே தாளில் காட்டும் வகை இதற்குப் பயன்படாது, 3.2க்கும் 3.8க்கும் உள்ள வேறுபாடு அதில் தெரியாது, தேநீரின் நிறமும் தாளில் ஏறிக் குழப்பும். ஆகவே கையடக்கமான மின்னணு அளவியை வாங்கினேன். அதோடு வரும், கரைத்தால் பி.எச். 4.01, 6.86 எனக் காட்ட வேண்டிய பொடிகளை நீரில் கரைத்து அடிக்கடி சரிபார்க்க வேண்டும். சரிபார்க்காத அளவி காட்டும் எண்ணை நம்புவதைவிட அளக்காமலே இருப்பது மேல். அளவியை ஜாடிக்குள் விடாமல், சுத்தமான கரண்டியால் சிறு குவளையில் எடுத்து அளந்து, அந்தத் தேநீரையே சுவைத்தும் பார்க்கிறேன்.

இப்படி இரண்டையும் சேர்த்துக் குறித்துவந்ததில்தான் எனக்கு மிகவும் பயனுள்ள செய்தி கிடைத்தது. பி.எச். முதல் இரண்டு மூன்று நாட்களில் வேகமாக இறங்கி 3.5ஐத் தாண்டிவிடுகிறது, அதன் பிறகு எண் மெதுவாகவே நகர்கிறது. நாக்கில் தெரியும் புளிப்போ நாள்தோறும் தெளிவாக ஏறிக்கொண்டே போகிறது. அமிலம் கூடிக்கொண்டிருந்தாலும், கரைசலில் சேர்ந்துவிட்ட அசிட்டேட், குளுக்கோனேட் முதலானவை பி.எச். மேலும் இறங்குவதைத் தடுத்து நிறுத்துவதே இதற்குக் காரணம். ஆகவே இந்த இரண்டு அளவுகளுக்கும் இரண்டு தனி வேலைகள் உண்டு. பி.எச். பாதுகாப்பைச் சொல்கிறது: எண் 4.2க்குக் கீழே இறங்கிவிட்டதா, எவ்வளவு விரைவாக இறங்கியது என்பதை அது காட்டும். எப்போது நிறுத்தலாம் என்பதை நாக்குதான் சொல்ல வேண்டும். எண்ணை மட்டும் பார்த்து நிறுத்தினால் பானம் இனிப்பு மிஞ்சியதாகவோ காடியாகவோ முடியும். நாக்கை மட்டும் நம்பினால் தொடக்கத்து ஆபத்து தெரியாது.

எங்கள் வீட்டு நாக்குக்கு இனிப்பும் புளிப்பும் சமமாக நிற்கும் இடம் பி.எச். 3.1க்கும் 3.3க்கும் இடையில் வருகிறது. கோடையில் அந்த இடத்தை அடைய ஐந்தாறு நாள் போதும். மார்கழி, தையில் பத்து நாள் வரை போகிறது. 2.5க்குக் கீழே இறங்கிய பானத்தை அப்படியே குடிக்கக் கூடாது. அதை உறைக்காக வைத்துக்கொள்ளலாம்.

ஐந்து நாட்களில் முடிந்துவிட்ட பானத்தில், போட்ட சர்க்கரையில் பெரும்பங்கு குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் எஞ்சியிருக்கும் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். சர்க்கரையை எல்லாம் நுண்ணுயிரிகள் தின்றுவிடுகின்றன, ஆகவே நீரிழிவு உள்ளவர்களும் தாராளமாகக் குடிக்கலாம் என்று சொல்லப்படுவதைக் கேட்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. புளிப்பு இனிப்பை மறைக்கிறதே தவிர அழித்துவிடுவதில்லை.

வெயிலைத் தணிப்பது

அசிட்டிக் அமிலப் பாக்டீரியாக்களுக்கு உகந்த வெப்பம் 25 முதல் 30 டிகிரி வரை. 35ஐத் தாண்டும்போது அவை தளர்கின்றன. ஈஸ்ட்டுகள் அவ்வளவு எளிதில் தளர்வதில்லை. கத்திரி வெயில் நாட்களில் ஜாடியைப் பார்த்தாலே இது தெரியும்: மேல்தோல் மெலிந்து கிழிந்தாற்போல இருக்கும், பழுப்பு நிற ஈஸ்ட் இழைகள் அடியில் கற்றையாகத் தொங்கும், மணத்தில் புளிப்பைவிடக் கள் வாடை மேலோங்கும். இருவருக்கும் இடையிலுள்ள சமநிலை ஈஸ்ட் பக்கம் சாய்ந்துவிட்டது என்று இதற்குப் பொருள்.

இதைச் சரிசெய்ய அகலமான மண்சட்டியில் ஆற்று மணலை நிரப்பி நனைத்து, ஜாடியின் பாதி உயரம் வரை அதில் புதைத்துவைக்கிறேன். நீர் ஆவியாகும்போது மணலின் சூடும் ஜாடியின் சூடும் குறையும். திருச்சியின் வறண்ட காற்றில் மூன்று நான்கு டிகிரி வரை இறங்குகிறது. காற்றில் ஈரம் மிகுந்த சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் இந்த ஏற்பாடு இவ்வளவு பயன் தராது. அங்கே வீட்டிலேயே குளிர்ந்த தரைமூலையைத் தேடுவதுதான் வழி. ஈரம் ஜாடியின் கழுத்துக்கு மேலே ஏறி மூடுதுணியை நனைத்துவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும், நனைந்த துணியில் பூஞ்சை எளிதாகப் பிடிக்கும். ஈஸ்ட் இழைகள் மிகுந்துவிட்டால், அடுத்த முறைக்கான உறையை ஜாடியின் அடியிலிருந்து எடுக்காமல் மேற்பகுதியிலிருந்து எடுக்க வேண்டும். அடியில் ஈஸ்ட் மண்டியும் மேலே பாக்டீரியாவும் மிகுந்திருக்கும் என்பதால், இரண்டு மூன்று சுற்றுகளில் சமநிலை திரும்பிவிடுகிறது.

பூஞ்சையைப் பற்றிய அச்சம் புதிதாகச் செய்பவர் எல்லாருக்கும் உண்டு. தோலுக்குக் கீழே தொங்கும் பழுப்பு இழைகளும், தோலின்மேல் காணும் ஒழுங்கற்ற மேடுகளும் குமிழ்களும் பூஞ்சையல்ல. பூஞ்சை எப்போதும் காற்றுப்படும் மேற்புறத்தில்தான் வரும். உலர்ந்து, பஞ்சுபோல மயிர் தெரிய, வெள்ளை, பச்சை, கறுப்பு நிறங்களில் வட்டவட்டமாகப் படரும். அது உறுதியானால் பானம், தோல், உறை அனைத்தையும் கொட்டிவிட வேண்டும். பூஞ்சை பிடித்த இடத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்னும் அறிவுரையை ஏற்கவே கூடாது, அது உண்டாக்கும் நச்சு நீரில் கரைந்து பரவக்கூடியது. இதற்காகவே ஒரு பாட்டில் உறையை எப்போதும் தனியாக வைத்திருக்கிறேன்.

இரண்டாம் கட்டம்

நிறுத்த வேண்டிய புளிப்பு வந்ததும் அடுத்த சுற்றுக்கான உறையை முதலில் எடுத்துவைத்துவிட்டு, மிச்சத்தைப் பாட்டில்களில் ஊற்றி, பழமோ வேரோ சேர்த்து, இறுக மூடிவைக்கிறேன். இப்போது காற்று இல்லை. ஆகவே பாக்டீரியாக்கள் ஒதுங்கிவிட, ஈஸ்ட் தொடர்ந்து கரியமில வாயுவை உண்டாக்குகிறது. வெளியேற வழியில்லாத அந்த வாயு நீரில் கரைந்து, சோடாவின் விறுவிறுப்பைத் தருகிறது. ஆல்கஹாலும் இந்தக் கட்டத்தில்தான் சற்றுக் கூடும். அமெரிக்காவில் ஆல்கஹால் இல்லாத பானம் என்பதற்கு வைத்திருக்கும் 0.5 விழுக்காட்டு எல்லையை வீட்டில் செய்த பானம் தாண்டிவிடக்கூடும் என்பதை அறிந்தே குடிக்க வேண்டும். குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் நான் இதைக் கொடுப்பதில்லை.

பாட்டில்தான் இங்கே முதன்மையானது. அலங்காரத்துக்காக விற்கப்படும் சதுரக் கண்ணாடிப் பாட்டில்கள் அழுத்தம் தாங்காமல் வெடிக்கும். சோடாவுக்கென்றே செய்யப்பட்ட, கனத்த வட்டக் கண்ணாடிப் பாட்டில் வேண்டும். அதோடு ஒவ்வொரு முறையும் அதே பானத்தைச் சிறிய பிளாஸ்டிக் குளிர்பானப் பாட்டில் ஒன்றிலும் நிரப்பி அருகில் வைக்கிறேன். அதைக் கையால் அமுக்கிப் பார்த்து, கல்லாகக் கெட்டிப்பட்டவுடன் எல்லாப் பாட்டில்களையும் குளிர்சாதனப் பெட்டிக்குள் மாற்றிவிடுகிறேன். கோடையில் காலையில் மூடியது மறுநாள் காலையிலேயே இந்த நிலைக்கு வந்துவிடுகிறது; குளிர்காலத்தில் மூன்று நாள் வரை ஆகலாம். ஒரு நாள் முழுவதும் நன்றாகக் குளிர்ந்த பிறகே திறக்க வேண்டும், ஏனென்றால் குளிர்ந்த நீரில்தான் வாயு அதிகமாகக் கரைந்து நிற்கும். சூட்டோடு திறந்தால் பாதிப் பானம் கூரையில் இருக்கும்.

சேர்ப்பனவற்றில் எனக்கு மிகப் பிடித்தது நன்னாரி. வேரை இடித்து, வெந்நீரில் ஊறவைத்து வடித்த சாற்றை முக்கால் லிட்டர் பாட்டிலுக்கு ஐம்பது மில்லி சேர்த்து, ஒரு தேக்கரண்டி கருப்பட்டிப் பாகும் விட்டால், புளிப்பின் கூர்மை மழுங்கி நன்னாரியின் மணம் முன்னே வந்து நிற்கும். இஞ்சியை நசுக்கிப் பத்து கிராம் போட்டால் வாயு நன்றாக ஏறுகிறது. ஆடி மாதத்தில் நாவல் பழம் கிடைக்கும்போது அதன் கொட்டையை நீக்கிச் சதையைச் சேர்த்தால் நிறமும் துவர்ப்பும் தேநீரோடு இயல்பாகப் பொருந்துகின்றன. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையை நசுக்கிப் போடும்போது மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். பழத்தின் சர்க்கரையும் தோலில் இயற்கையாகப் படிந்திருக்கும் ஈஸ்ட்டும் சேர்ந்து, அரை நாளிலேயே பாட்டிலைக் கெட்டிப்படுத்திவிடும். நெல்லிக்காய் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. ஏற்கெனவே புளித்ததோடு இன்னொரு புளிப்பும் துவர்ப்பும் சேர்ந்து நாக்கைக் கட்டிவிடுகின்றன.

காஞ்சி என்னும் வடநாட்டுப் பானம்

கொம்புச்சாவில் நிலைத்து நிற்பவை பெரும்பாலும் ஈஸ்ட்டும் அசிட்டிக் அமிலப் பாக்டீரியாவும்தான். தயிரிலும் மோரிலும் உள்ள லாக்டிக் அமிலப் பாக்டீரியா சில உறைகளில் இருக்கும், சிலவற்றில் இராது. லாக்டிக் புளிப்பை விரும்புவோருக்கு வட இந்தியாவில் குளிர்காலம் முடிந்து ஹோலி வரும் வேளையில் செய்யும் காஞ்சி பொருத்தமானது. அங்கே கருங்கேரட்டைப் போட்டுச் செய்கிறார்கள். அது இங்கே எளிதில் கிடைப்பதில்லை என்பதால் ஊட்டி கேரட் 250 கிராமும் பீட்ரூட் 100 கிராமும் விரல் கனத்தில் நறுக்கி, இரண்டு லிட்டர் ஆறிய வெந்நீரில் போட்டு, கல்லுப்பு 35 கிராம், கொரகொரப்பாக அரைத்த கடுகு மூன்று மேசைக்கரண்டி, மிளகாய்த் தூள் ஒரு தேக்கரண்டி சேர்த்து, துணி கட்டி வெயிலில் வைக்கிறேன். உறை எதுவும் தேவையில்லை, காய்களின் மேலுள்ள பாக்டீரியாக்களே வேலையைத் தொடங்கிவிடுகின்றன. அதனால் காய்களைக் கழுவ வேண்டுமே தவிர வேகவைக்கக் கூடாது.

கடுகு இங்கே சுவைக்காக மட்டும் சேர்வதில்லை. அரைத்த கடுகு நீரில் நனையும்போது உண்டாகும் காரமான எண்ணெய் ஈஸ்ட்டையும் பூஞ்சையையும் அடக்கி, லாக்டிக் பாக்டீரியாக்களுக்கு வழிவிடுகிறது. ஆகவே கடுகைக் குறைத்தால் மேலே வெண்படலம் கட்டுவது அதிகரிக்கும். அந்த மெல்லிய வெண்படலம் ஈஸ்ட் வகையைச் சேர்ந்தது. மயிர் இல்லாமல் தட்டையாக இருந்தால் வழித்தெடுத்துவிட்டுத் தொடரலாம். பீட்ரூட்டை மிகுதியாகப் போட்டால் அதன் சர்க்கரையால் நீர் கொழகொழவென்று ஆகிவிடக்கூடும் என்பதால்தான் கேரட்டை அதிகமாக வைத்திருக்கிறேன். திருச்சி வெயிலில் இரண்டு மூன்று நாட்களில் கடுகின் கசப்பு அடங்கி, மூக்கில் ஏறும் ஒரு காரமும் தெளிவான புளிப்பும் வந்துவிடுகின்றன. அளவி 4க்குக் கீழே காட்டியதும் வடித்துக் குளிரில் வைத்துவிடலாம். பீட்ரூட் குடித்த மறுநாள் சிலருக்குச் சிறுநீர் சிவந்து போகும். அது பீட்ரூட்டின் நிறம்தான் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் வீட்டில் யாரும் பயப்படமாட்டார்கள்.

நம் நீராகாரத்துக்கு அளவி தேவைப்படாததன் காரணம் இந்த இரண்டோடும் ஒப்பிட்டபோதுதான் எனக்கு விளங்கியது. இரவில் நீரூற்றிய சோறு காலையில் அருந்தித் தீர்க்கப்படுகிறது. சேமித்துவைக்கும் நோக்கம் இல்லாததால் அமிலம் அவ்வளவு கீழே இறங்க வேண்டிய தேவையும் எழுவதில்லை. சோற்றை ஆறிய கையோடு நீரில் மூழ்கவைத்து, காலைப்பொழுதுக்குள் குடித்துவிடுவதே அதன் பாதுகாப்பு. நண்பகல் வரை வைத்துக் குடிப்பது கோடையில் வேண்டாம்.

எவ்வளவு குடிக்கலாம்

இவற்றையெல்லாம் புரோபயாட்டிக் பானங்கள் என்று அழைப்பது பரவலாகிவிட்டது. உணவு வேளாண்மை அமைப்பும் உலகச் சுகாதார அமைப்பும் கூட்டிய வல்லுநர் குழு, 2001ஆம் ஆண்டு அர்ஜென்டினாவின் கோர்டோபா நகரில் கூடி வகுத்த வரையறையின்படி, போதிய அளவில் உட்கொள்ளும்போது உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிரிகளே புரோபயாட்டிக். எந்த நுண்ணுயிரி, எத்தனை, என்ன நன்மை என்பவை சோதித்து அறியப்பட்டிருக்க வேண்டும். என் ஜாடியில் எது எவ்வளவு இருக்கிறது என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை, எண்ணும் வசதியும் வீட்டில் இல்லை. ஆகவே உயிருள்ள நுண்ணுயிரிகளைக் கொண்ட புளித்த பானம் என்பதற்கு மேல் எதையும் நான் யாருக்கும் சொல்வதில்லை. நோய் தீர்க்கும் என்று சொல்லிக் கொடுப்பதுமில்லை. கடையில் வாங்கும் சர்க்கரைச் சோடாவுக்கு மாற்றாக, நல்ல சுவையோடு, நம் கையால் செய்த பானம் என்பதே எனக்குப் போதுமான காரணம்.

அளவைப் பற்றியும் கண்டிப்பாக இருக்கிறேன். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1995இல் கொம்புச்சா குடித்துவந்த இரு பெண்கள் கடுமையாக நோயுற்று, அவர்களில் ஒருவர் இறந்தார். அந்தப் பானம்தான் காரணம் என்பது நிறுவப்படவில்லை. அதையொட்டி அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம், உடல்நலமுள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு நான்கு அவுன்ஸ் அளவு தீங்கு செய்யாதிருக்கலாம் என்று குறிப்பிட்டது. அது ஏறக்குறைய 120 மில்லி. எங்கள் வீட்டில் சிறிய எவர்சில்வர் டம்ளரில் ஒன்று என்பதே கணக்கு, புதிதாகக் குடிப்பவருக்கு அதில் பாதி. வயிற்றுப் புண் உள்ளவர்களும், நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. குடித்தபின் வாயை வெறும் நீரால் கொப்புளிப்பது பற்களுக்கு நல்லது.

ஊருக்குப் போக நேரும்போது உறையைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதைவிட, புதுச் சர்க்கரைத் தேநீர் ஊற்றி, துணி கட்டி, வீட்டின் குளிர்ந்த மூலையில் விட்டுச்செல்வதே மேல். குளிரில் பாக்டீரியாக்கள் ஓய்ந்துபோய், திரும்பவும் வெளியே எடுத்ததும் பூஞ்சை முந்திக்கொள்ளக்கூடும். மூன்று நான்கு வாரம் கழித்துத் திரும்பி வரும்போது அது குடிக்க முடியாத அளவுக்குப் புளித்திருக்கும், தோலும் கனத்திருக்கும். அந்தக் கடும்புளிப்புத்தான் அடுத்த சுற்றுக்கு மிகச் சிறந்த உறை. தேவைக்கு மேல் உள்ளதை வடிகட்டிப் பாட்டிலில் வைத்துக்கொண்டால், வெங்காயத் தாளும் வெள்ளரிக்காயும் நறுக்கிப் போடும் பச்சடிக்குக் காடிக்குப் பதிலாகச் சேர்த்துக்கொள்ளலாம்.